இரண்டாம் சனிக்கிழமை எங்கே போகலாம்?

கணினித் துறையில் வேலை பார்ப்பவர்களும் படிப்பவர்களும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தங்கள் ஊரிலேயே, பேருந்தில் போய்வரும் தூரத்தில், மாதாமாதம் ஒரு தொழில்நுட்பக் கூட்டம் நடப்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கட்டணம் கிடையாது. இருபது முப்பது பேர் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தான் செய்த ஒன்றைக் காட்டுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து டீக்கடைக்குப் போவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட ஓர் அறையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான் தமிழில் மின்னூல்களையும் மென்பொருள்களையும் வரைபடங்களையும் நமக்குச் செய்து தந்திருக்கிறார்கள். அந்த அறைக்குள் நீங்களும் போக வேண்டும் என்பது என் ஆசை. எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கான சென்னைக் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. ஐ.எல்.யூ.ஜி.சி. என்ற சுருக்கப் பெயரால் அதை அழைப்பார்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூட்டம். பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு வகுப்பறையில் அது நடந்தது. அந்தக் காலத்தில் கூட்டத்துக்குப் போக நேரடியான காரணம் ஒன்று இருந்தது. வீட்டில் இணையம் என்றால் டயல்அப் இணைப்புதான். 650 எம்.பி. அளவுள்ள ஒரு லினக்ஸ் சி.டி.யை நொடிக்கு 56 கிலோபிட் என்ற அதிகபட்ச வேகத்திலேயே இறக்கினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணம் தனி. அதனால் சி.டி. வைத்திருப்பவர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவார், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். கட்டற்ற மென்பொருளின் உரிமமே நகலெடுக்க அனுமதிப்பதால் அதில் தவறும் இல்லை. கணினியையே தூக்கிக்கொண்டு வந்து, தெரிந்தவர்களை வைத்து லினக்ஸ் நிறுவிக்கொண்டு போனவர்களும் உண்டு.

அந்தத் தேவை இன்று இல்லை. எந்தப் பாடமும் கைபேசியில் கிடைக்கிறது. சந்தேகம் கேட்டால் ஏ.ஐ. நொடியில் பதில் தருகிறது. பிறகு எதற்காகப் பேருந்து ஏற வேண்டும் என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். பாடத்துக்காகப் போக வேண்டியதில்லை என்றே நானும் சொல்வேன்.

ஒரு மாணவர் கல்லூரி புராஜெக்டுக்காக ஓர் இணையதளம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயனர்களின் கடவுச்சொற்களை அப்படியே எழுத்து மாறாமல் தரவுத்தளத்தில் சேமித்திருக்கிறார். தளம் வேலை செய்கிறது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. இதில் பிழை இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, எனவே யாரிடமும் கேட்கவும் மாட்டார். கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, “தம்பி, பாஸ்வேர்டை ஹேஷ் பண்ணாம வச்சிருக்கீங்களே, டேட்டாபேஸ் வெளியில போனா எல்லாருடைய பாஸ்வேர்டும் போயிடுமே” என்பார். கேட்கத் தெரியாத கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கிறது. நம் திரையை இன்னொருவர் பார்ப்பதால் கிடைக்கும் பயன் இது. ஒரு தொழிலை நன்றாகச் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள், பிழை வந்தால் முதலில் எங்கே பார்க்கிறார்கள், எதைத் தெரியாது என்று தயங்காமல் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்துத்தான் பழக முடியும்.

முதல் நாள்

முதல் கூட்டத்தில் பாதிக்கு மேல் புரியாது. இதைத் தெரிந்துகொண்டே போங்கள். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள் புதிதாக வந்தவருக்கு எப்படிப் புரியும்? புரியாத சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்து அவற்றைத் தேடிப் படிப்பதே அந்த மாதத்துக்கான பாடத்திட்டமாகிவிடும்.

பெரும்பாலான குழுக்களில் தொடக்கத்தில் ஒரு சுற்று அறிமுகம் நடக்கும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். ஆங்கிலம் வராதே, பெரிய நிறுவனப் பெயர் சொல்ல இல்லையே, கல்லூரி சின்னக் கல்லூரியாயிற்றே என்று மனம் தடுமாறும். பெயரும் ஊரும் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசியாக மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். “பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டேன், வைஃபை வேலை செய்யல.” இவ்வளவு போதும். டெக்னாலஜியில் ஆர்வம் உண்டு என்று பொதுவாகச் சொல்பவரிடம் பேச யாருக்கும் பிடி கிடைக்காது. வைஃபை வேலை செய்யவில்லை என்றால் மூன்று பேர் உங்கள் பக்கம் திரும்புவார்கள். எந்த மாடல், எந்த சிப் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தமிழில் பேசலாமா என்றும் தயங்காமல் கேளுங்கள். நம் ஊர்க் கூட்டங்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுகிறார்கள். ஒருவர் தமிழுக்கு மாறினால், அதற்காகவே காத்திருந்ததுபோல் இன்னும் நான்கு பேர் மாறுவார்கள்.

பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். டீக்கடை வரை கூடப் போங்கள். மேடையில் சொல்லாதவை அங்கே வரும். எந்த வேலையை ஏன் விட்டேன், எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவது வீண், புது மொழி கற்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று பெரியவர்கள் மனம்விட்டுப் பேசும் இடம் அதுதான். கேட்டுக்கொண்டு நின்றாலே போதும்.

அடுத்த மாதமும் போங்கள், அதற்கடுத்த மாதமும் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் இந்த வரியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருமுறை வருபவர் பார்வையாளர். இரண்டாம் முறை முகம் நினைவில் நிற்கும். மூன்றாம் முறை, “போன தடவ சொன்ன அந்த வைஃபை என்னாச்சு?” என்று ஒருவர் கேட்பார். அப்போது நீங்கள் அந்தக் குழுவின் ஆள். திறமை குறைவாக இருப்பவர் தொடர்ந்து வந்தால் திறமை வந்துவிடுகிறது. திறமையோடு ஒருமுறை வந்து போனவரால் குழுவுக்கும் பயனில்லை, அவருக்கும் பயனில்லை. கூட்ட நாளை மாதத்தின் இரண்டாம் சனி, நான்காம் சனி என்று நிலையாக வைப்பதற்கும் இதுதான் காரணம். சென்னையின் பைத்தான் நிரல்மொழிக் குழுவான சென்னைபை நான்காம் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டது. நாள் மறந்துபோகாது, அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு பற்றி ஒரு வார்த்தை. முதல் நாளே பயோடேட்டாவை நீட்டாதீர்கள். ஒரு நிறுவனத்தில் ஆள் தேவைப்படும்போது, உள்ளே இருப்பவர்களிடம் “உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?” என்று கேட்பது வழக்கம். அப்போது, பல மாதங்களாகத் தங்கள் கண்முன் சிக்கல்களை அவிழ்த்துக்கொண்டிருந்த பையனோ பெண்ணோதான் அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

நாற்காலி போடுபவர்

எந்தக் குழுவையும் உண்மையில் இரண்டு மூன்று பேர்தான் தாங்கிக்கொண்டிருப்பார்கள். அறைக்கு அனுமதி வாங்குவது, காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது, பேச ஆள் பிடிப்பது, கடைசி நேரத்தில் அவர் வரவில்லையென்றால் தாங்களே பேசுவது, மின்விசிறியை அணைத்துவிட்டு சாவியை ஒப்படைப்பது எல்லாம் அவர்கள் தலையில். சம்பளம் இல்லை. வீட்டில் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லவும் கடினம். அவர்கள் களைத்துப்போகும் நாளில் குழு நின்றுவிடும். பல ஊர்களில் அப்படித்தான் நின்றுபோயிருக்கிறது.

அதனால் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. “அண்ணா, அடுத்த மாசம் எச்.டி.எம்.ஐ. அடாப்டர் நான் கொண்டுவரேன்” என்று ஒருமுறை சொல்லி, சொன்னபடி கொண்டுவந்து பாருங்கள். பேச்சாளரின் மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் பொருந்தாமல் முதல் அரை மணி நேரம் வீணாகாத கூட்டத்தை நான் அதிகம் கண்டதில்லை. வகைக்கு ஓர் அடாப்டரும் நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பையில் வைத்திருப்பவரை எல்லோரும் நன்றியோடு பார்ப்பார்கள். பேச்சைக் காணொளியாக எடுப்பது, குறிப்பெழுதி வெளியிடுவது, புதிதாக வந்து ஓரமாக நிற்பவரிடம் போய்ப் பேசுவது எல்லாம் அதே அளவு மதிப்புள்ள வேலைகள்தான்.

இப்படிப்பட்ட உழைப்புக்கு இந்தியாவில் ஒரு விருதே இருக்கிறது. உதகையில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ் சென்னை லினக்ஸ் குழுவில் பல ஆண்டுகள் துடிப்பாக இயங்கியவர், இந்தியாவில் பைத்தான் சமூகத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். பைத்தான் பயன்படுத்துபவர்களின் மாநாடான பைகான் இந்தியா முதன்முதலில் 2009இல் பெங்களூரில் நடந்தது. பத்து ஆண்டு கழித்து, 2019இல், அது சென்னைக்கு வந்தபோது அவர் இல்லை; 2012இலேயே மறைந்துவிட்டார். மாநாட்டை நடத்தும் இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை நிறுவி, சமூகத்துக்காக உழைப்பவர்களுக்கு வழங்கிவருகிறது. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர்களும் கூட்டங்களை விடாமல் நடத்தியவர்களும் அப்படித்தான் நினைக்கப்படுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

உங்கள் முறை வரும்போது

“அடுத்த மாதம் யார் பேசுறீங்க?” என்று கேட்டதும் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியை நீங்கள் கலைக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். மூன்று வாரத்துக்கு முன் உங்களுக்குத் தெரியாமலிருந்து இப்போது தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். நிபுணருக்குத் தான் தொடக்கத்தில் எங்கே தடுமாறினோம் என்பது மறந்துபோயிருக்கும். உங்களுக்கு அது பசுமையாக நினைவிருக்கும், புதியவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முழுப் பேச்சு என்றால் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். அது மலைப்பாக இருந்தால் மின்னல் பேச்சில் தொடங்கலாம். ஐந்து நிமிடம், ஒரே ஒரு செய்தி, மணி அடித்ததும் இறங்கிவிட வேண்டும். உதாரணமாக, ஒரு கோப்புறையில் கிடக்கும் நூற்றுக்கணக்கான படங்களின் பெயரை ஒரே கட்டளையில் மாற்றுவது எப்படி என்பது ஐந்து நிமிடத்துக்கு நல்ல தலைப்பு. செய்து காட்டலாம், எல்லோருக்கும் பயன்படும், வீட்டுக்குப் போய் அவர்களும் செய்து பார்ப்பார்கள்.

தயாரிப்பில் மூன்று விஷயங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். திரையில் எழுத்தின் அளவை நீங்கள் போதும் என்று நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள்; கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். அறையில் இணையம் இருக்காது என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கி வையுங்கள். வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் பத்து நிமிடம் வரும் பேச்சு வாயால் சொல்லும்போது இருபது நிமிடம் ஆகும்.

முடிந்தால் தமிழில் பேசுங்கள். கலைச்சொல் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. டேட்டாபேஸ் என்று வாயில் வருகிறதென்றால் டேட்டாபேஸ் என்றே சொல்லுங்கள், விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள், தமிழில் பேசினால் இடைமறித்துக் கேட்பார்கள். கேள்வி வருகிறது என்றால் யோசிக்கிறார்கள் என்று பொருள். கணியம் என்ற தமிழ் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளுக்காக 2012இல் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்களும் அதில் எழுதியவர்களும் லினக்ஸ் குழுக்களில் ஊறியவர்கள். ‘எளிய தமிழில்’ என்று தலைப்பு தொடங்கும் அவர்களின் மின்னூல்களை இலவசமாக இறக்கிப் படித்து வேலைக்குப் போன இளைஞர்கள் உண்டு. கூட்டத்தில் நீங்கள் தமிழில் பேசியதை அப்படியே எழுதினால் அது ஒரு கட்டுரை. நான்கைந்து பேச்சுகள் சேர்ந்தால் ஒரு சிறு நூலுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

நிரல் எழுதாதவர்களுக்கு

தொழில்நுட்பச் சமூகம் என்றதும் நிரலர்கள் மட்டும் நினைவுக்கு வருவதால், தமிழாசிரியர், வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற தபால்காரர் எல்லோரும் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இதில் நமக்குத்தான் இழப்பு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் எழுதியவர்கள் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள், பல நாடுகளில் வாழ்பவர்கள். உங்கள் ஊர்க் கோவில், ஏரி, நெல் வகை பற்றி நம்பகமான நூலை வைத்துக்கொண்டு நான்கு பத்தி எழுதுவதற்குக் கணினி அறிவியல் வேண்டாம்.

மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் இன்னொரு வாசல். திரையில் வரும் வாக்கியத்தை நீங்கள் வாசித்தால் அது பதிவாகும். இன்னொரு பக்கத்தில், மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டு, வாக்கியத்தில் உள்ளபடியே படித்திருக்கிறார்களா என்று சொல்லலாம். இரண்டு பேர் சரி என்றால்தான் அந்தப் பதிவு ஏற்கப்படும். இப்படிச் சேரும் குரல் தொகுப்பு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படுகிறது. தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகளைச் செய்பவர்களுக்கு அது மூலப்பொருள். நாகர்கோவில் தமிழும் மதுரைத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் அதில் இல்லையென்றால், அந்த ஊர்க்காரர் பேசுவது அந்தக் கருவிகளுக்குப் புரியாது. பாட்டியை உட்காரவைத்துப் பத்து வாக்கியம் படிக்கவைப்பதும் இந்தச் சமூகத்துக்கான பங்களிப்புதான். அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர்ச் சமூகம் எதற்கு என்ற கேள்விக்குச் சென்னை கண்ட மிகத் தெளிவான பதில் அதில் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். ஒவ்வொரு தெருவும் அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு தனி எண்ணும் பெயரும் தன்மைகளும் உண்டு. தரவு முழுவதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பது மீட்புக்குப் போனவர்களுக்கும் வீடு திரும்ப வழி தேடியவர்களுக்கும் தெரியவில்லை. அப்போது மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு வெள்ள வரைபடத்தை மிகக் குறுகிய நேரத்தில் செய்து பொதுவில் வைத்தார்கள். தெருவைத் தொட்டால் அது நீரில் மூழ்கியதாகக் குறிக்கப்படும். பார்த்தவர்கள் குறித்தார்கள், ஆயிரக்கணக்கில் தெருக்கள் நிறம் மாறின.

அந்த வேகம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தெருக்களை வரையும் வேலை அந்த வாரத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன் பல ஆண்டுகளாக, பேரிடர் எதுவும் இல்லாத சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னார்வலர்கள் சென்னையின் தெருக்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தார்கள். தொடுவதற்குக் கோடுகள் இருந்தன, அதனால் தொட்டுக் குறிக்க முடிந்தது. வெள்ளம் வந்த பிறகு ஒரு சமூகத்தை உருவாக்க முடியாது, இருந்ததைத்தான் பயன்படுத்த முடியும். உங்கள் ஊரின் தெருக்கள் அந்த வரைபடத்தில் எவ்வளவு தூரம் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். உங்கள் தெருவின் பெயர், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், மழைக்காலத்தில் நிரம்பும் ஓடை இவற்றைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஊரை நடந்தே அறிந்தவர்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும், தொலைவிலிருக்கும் நிரலரால் முடியாது.

நிரல் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மென்பொருளில் முதல் மாற்றத்தைச் செய்ய ஒரு கூட்டத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். மூல நிரலின் நகலை உங்கள் கணக்குக்கு எடுத்து, தனிக் கிளையில் மாற்றம் செய்து, ஏற்கும்படி கேட்டு அனுப்புவது என்பதுதான் முறை. பராமரிப்பவர்கள் படித்துப் பார்த்து, திருத்தம் சொல்லி, பிறகு சேர்த்துக்கொள்வார்கள். தனியாகச் செய்தால் முதல் முறை பயம் வரும், திருத்தச் சொன்னதும் அவமானமாகத் தோன்றும். ஏற்கெனவே பலமுறை அனுப்பிப் பழகியவர் பக்கத்தில் இருந்தால், அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று தெரிந்துவிடும். தொடக்கத்துக்கு ஆவணத்தில் எழுத்துப் பிழை திருத்துவதும் லிப்ரே ஆபீஸ் போன்றவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சீர்செய்வதும் நல்ல வேலைகள். நீங்கள் ஏற்கெனவே பணியில் இருப்பவர் என்றால், வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பணிக்காலத்தில் எழுதும் நிரல் முழுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி பலவற்றில் இருக்கும். மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, சொந்த மடிக்கணினியில், சொந்த நேரத்தில் செய்வது பாதுகாப்பு.

சமூகம் என்ற பெயரில் நடப்பவை எல்லாம் சமூகம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடத்தைச் சொல்லும் முன்பே உங்கள் கைபேசி எண்ணையும் கல்லூரிப் பெயரையும் கேட்பவர்கள், வந்தவுடன் சான்றிதழுக்குப் பணம் கேட்பவர்கள், மாணவர்களுக்குத் தூதர் பட்டம் கொடுத்து ஆள் சேர்க்கச் சொல்பவர்கள் ஆகியோரிடமிருந்து விலகியே இருங்கள். உங்கள் எண் ஒரு பயிற்சி நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலுக்குத்தான் போகும். உண்மையான குழுவில் கடந்த மாதம் யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல ஆள் இருக்கும், முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும், நீங்கள் ஒன்றும் வாங்காமல் ஐந்து ஆண்டு வந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஊரில் குழு இல்லையென்றால்

சென்னையில் இருப்பவர்களுக்கு இது எளிது, எங்களுக்கு எங்கே என்று கேட்பீர்கள். விழுப்புரத்தைப் பாருங்கள். அங்கே ஒரு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறது. காஞ்சிபுரத்தின் குழு இணையவழியாக வாரம்தோறும் தமிழிலேயே உரையாடுகிறது; எந்த ஊரிலிருந்தும் அதில் சேரலாம். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.டி. ஹப் என்ற அமைப்பு இளைஞர்களைத் தொழில்நுட்பத்தின் பக்கம் அழைத்துவரும் வேலையைச் செய்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமோ ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கிறது. இவற்றில் எதுவும் அரசு ஆணையால் வந்ததில்லை. சிலர் உட்கார்ந்து பேசித் தொடங்கியவை.

உங்கள் ஊரில் தொடங்க மூன்று பேர் போதும். இடத்துக்கு அரசு நூலகம், கல்லூரியின் கணினித் துறை, பள்ளி வகுப்பறை என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். கல்லூரி என்றால் முதல்வருக்கு ஒரு கடிதம்: நாள், நேரம், எத்தனை பேர், கட்டணம் இல்லை, எந்த நிறுவனத்தின் விளம்பரமும் இல்லை, பொறுப்பாளர் பெயரும் எண்ணும். ஒரு பேராசிரியர் உங்கள் பக்கம் இருந்தால் கடிதம் விரைவில் நகரும். கூட்ட நாளை நிலையாக வையுங்கள். முதல் கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள், இரண்டாவதுக்குப் பன்னிரண்டு, நான்காவதுக்கு நான்கு பேர் என்று ஆகலாம். மனம் தளராதீர்கள். நான்கு பேர் வந்தாலும் கூட்டத்தை நடத்துங்கள், தள்ளிவைக்க வேண்டாம். ஒருமுறை தள்ளிவைத்தால் மக்கள் அடுத்த முறை நடக்குமா என்று கேட்கத் தொடங்குவார்கள். நன்கொடைக்கு அலைய வேண்டியதில்லை. டீக்காசை அவரவர் கொடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை மென்பொருள் விடுதலை நாளாக உலகின் பல ஊர்களில் கொண்டாடுகிறார்கள். பள்ளி மாணவர்களை அழைத்து ஒரு நாள் கண்காட்சி வைக்க அது நல்ல தருணம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பழைய கணினியின் பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

பெண்கள் வரவேண்டும் என்று வாயால் சொன்னால் மட்டும் வர மாட்டார்கள். கூட்டத்தை மாலை ஐந்துக்குள் முடியுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் இடம் பிடியுங்கள். கழிவறை திறந்திருக்கிறதா என்று முன்பே போய்ப் பாருங்கள். கேட்காமல் யாரையும் புகைப்படம் எடுக்கக் கூடாது, யார் எண்ணையும் குழுவிலிருந்து எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்று முதல் நாளிலேயே எழுதி ஒட்டுங்கள். யாராவது மீறினால் யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருக்கட்டும். சொன்னபின் அந்த ஆளை வெளியே அனுப்பும் துணிவு உங்களுக்கு வேண்டும், அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும். பேச்சாளர் பட்டியலிலும் பெண்கள் இருக்க வேண்டும். முன்னால் நின்று ஒரு பெண் பேசுவதைப் பார்க்கும் மாணவிக்கு, அடுத்து நாமும் பேசலாம் என்று தோன்றும்.

ஓர் ஆண்டு ஓடியதும் பொறுப்பைக் கைமாற்றும் வேலையைத் தொடங்குங்கள். கல்லூரியில் யாரிடம் பேச வேண்டும், அறையின் சாவி யாரிடம், குழுவின் கணக்குகளுக்குக் கடவுச்சொல் என்ன, இதுவரை பேசியவர்கள் யார் யார் என்பதையெல்லாம் ஒரே ஆவணத்தில் எழுதி, குறைந்தது இன்னும் இருவரிடம் கொடுத்து வையுங்கள். கல்லூரி மாணவர்கள் நடத்தும் குழுவில் இது இன்னும் அவசரம். இறுதியாண்டு மாணவர்கள் மே மாதத்தில் போய்விடுவார்கள், ஜூலையில் குழு இருக்காது. அதனால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஜனவரியிலேயே கூட வைத்துக்கொண்டு, பிப்ரவரிக் கூட்டத்தை அவரையே நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். அவர் தடுமாறினாலும் எழுந்து போய்ப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் என்ன நன்றாக வந்தது, எதை மாற்றலாம் என்று சொல்லுங்கள். மார்ச் கூட்டத்துக்குப் பேச்சாளரையும் அவரே பிடிக்கட்டும்.